பதினேழின் ஊசிக் கார்டு

ஜூன் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இரண்டு வாரம். இன்றும் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன். எங்கள் காப்பகத்துக்குப் பலகையில் நீளமான பெயர் உண்டு. ஆனால் டவுன் பஸ்ஸில் எல்லோருக்கும் அது நாய்ப்பட்டிதான். கண்டக்டர், "நாய்ப்பட்டியெல்லாம் எறங்குங்க!" என்று கத்தும்போது எழுந்து நின்றால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கிறது. அதற்கு அரை கிலோமீட்டர் நடப்பது மேல்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடைய பி.காம். அதை வைத்துக்கொண்டு நாய்க்கு ரிஜிஸ்டர் எழுதுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு நாய் என்றாலே ஆகாது என்பது வேறு விஷயம். பத்து வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவள். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாக வருவாள்.

போன் எடுப்பது என் வேலை. புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறார்கள். துண்டுச் சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்: "வணக்கம், விலங்குகள் காப்பகம், சொல்லுங்கள்." அதற்கு மேல் எழுத வேண்டியிருப்பதில்லை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி.

"ஊசியெல்லாம் போட்டாச்சுங்களா?"

"வெறிநாய் ஊசி மட்டும் போட்டிருக்குங்க. மத்தது இன்னும்..."

"சரிங். அப்புறமேட்டுக்குக் கூப்பிடறனுங்."

யாரும் கூப்பிடுவதில்லை.

ஜூன் 8, சனி

மதியம் ஒரு அம்மா வந்தார். கையில் சிவப்புக் கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது. போன மாதம் இங்கிருந்து ஒரு குட்டியைக் கொண்டுபோனவர். ஐந்தாம் நாள் வாந்தி, ஆறாம் நாள் ரத்தப்போக்கு, ஏழாம் நாள் போய்விட்டதாம். அவர் திட்டவில்லை. "என்ர பையன் இன்னும் தட்டுல சோறு எடுத்து வெக்கறானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பார்வோ, குட்டிகளுக்கு வருகிற தொற்று நோய் என்று எங்கள் டாக்டர் பெனிட்டா சொன்னார். ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது. ஊசிக்குப் பணம் இல்லை. கூண்டுகள் நிறைந்து கிடப்பதற்கும் அதுதான் காரணம். ஊசி போடாததை யாரும் எடுத்துப் போவதில்லை. எடுத்துப் போகாததால் புதிதாக வருவதற்கு இடமில்லை.

பட்டையை டிராயரில் வைத்தேன். பதினேழாம் கூண்டு நாய் இன்று மூன்று முறை என் செருப்பை இழுத்துக்கொண்டு போனது.

ஜூன் 13, வியாழன்

டாக்டர் ஓடி வந்தார். டாக்டர் ஓடி நான் பார்த்ததில்லை. "கெடச்சிடுச்சு கோகிலா! நாப்பது பேருக்கு! முழு கோர்ஸு!"

ஒரு அறக்கட்டளைக்கு மூன்று மாதம் முன்பே எழுதியிருந்தார்களாம். நாற்பது நாய், பூனைகளுக்கு எல்லா ஊசிக்கும் அவர்கள் பொறுப்பு. ஊசி மருந்து வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜும் வருகிறது.

நாய்களுக்குச் சோறாக்கிப் போடும் சென்னியப்பன் அண்ணன் கேட்டார்: "ஃபிரிட்ஜுல மோர்ச் சட்டி ஒண்ணு வெச்சுக்கலாங்களா டாக்டரம்மா?"

"வெச்சா உங்களுக்கும் ஒரு ஊசி போட்டுருவேன்."

ஜூன் 16, ஞாயிறு

ஊசிக் கார்டுகள் அச்சாகி வந்துவிட்டன. மஞ்சள் அட்டை, நடுவில் மடிப்பு, நாற்பதும் கச்சிதம். வீட்டுக்குக் கொண்டுவந்து பகலெல்லாம் எழுதினேன். கூண்டு எண், வயது, நிறம், அடையாளம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாக செக்கிங்கில் இருக்கிறாள். தையல் விலகல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நாங்கள் உடுத்துவதெல்லாம் அப்படி அவள் ஒதுக்கிய செகண்ட்ஸ் பீஸ்கள்தான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"காலியா எதையும் உட்றாத கண்ணு" என்றாள். "கட்டம் காலியா இருந்தா அப்ளிகேசனத் திருப்பி அனுப்பிப் போடுவாங்க."

அது எனக்குச் சொல்லவா வேண்டும்? ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப், அப்பாவின் லாரி லைசென்ஸ் என்று எங்கள் வீட்டு விண்ணப்பம் எல்லாவற்றையும் ஆறாம் வகுப்பிலிருந்து நிரப்புகிறவள் நான்தான். ஒரு கட்டம் காலியாக விட்டதில்லை.

ஜூன் 17, திங்கள்

செத்துப் போகலாம் போல இருந்தது.

டாக்டர் முதல் கார்டைப் பிரித்தார். இரண்டாவது, மூன்றாவது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உரிமையாளர் பெயர்" என்ற கட்டத்தில், நாற்பது கார்டிலும், கோகிலவாணி என்று எழுதியிருக்கிறேன். விலாசத்தோடு. பேனாவால்.

"அது தத்தெடுக்கறவங்க பேர் எழுதறதுக்கு கோகிலா!"

"காலியா இருந்துச்சுங்க மேடம்."

சென்னியப்பன் அண்ணன் கும்பிட்டார். "இருபத்தொம்பது நாய், பதினொரு பூனை. பண்ணையக்காரி ஆயிட்டீங்க அம்மிணி!"

மறுபடி அச்சடிக்க நாளாகும். அதனால் டாக்டர் ஒரு வழி சொன்னார். யாராவது எடுத்துப் போகும்போது என் பெயரை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, கீழே அவர்கள் பெயரை எழுதினால் போதும்.

பிறகு முதல் ஊசி. இங்கே ஒரு பழக்கம் உண்டு. ஊசி போடும்வரை கூண்டு எண்தான். போட்ட அன்றுதான் பெயர். பிடித்துக்கொள்கிறவர் பெயர் வைக்க வேண்டும். சென்னியப்பன் அண்ணன் காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டார் போல. போண்டா, சுண்டல், அதிரசம், கொழுக்கட்டை. சாம்பல் நிறப் பூனைக்கு ரவை.

பதினேழாம் கூண்டை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். செம்பழுப்பு நிறம், ஒன்றரை வயது, பெண், இடது காது பாதியில் மடிந்தது. ஊசி இறங்கியபோது கத்தவில்லை. தலையை என் கக்கத்துக்குள் விட்டுக்கொண்டது. எல்லோரும் பெயர் கேட்டு என்னையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது.

"பதினேழு" என்றேன்.

அதையே எழுதினார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

கை வலிக்கிறது. பதினேழு நன்றாகச் சாப்பிட்டது.

ஜூன் 27, வியாழன்

போனில் சொல்வதற்குச் சீட்டில் புது வரி: "முதல் தவணை போட்டாச்சுங்க. ரெண்டாவது ஜூலை எட்டாம் தேதி. கார்டோட தருவோம்."

இன்று ஏழு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர்கூட அப்புறமேட்டுக்கு என்று சொல்லவில்லை. "எட்டாந்தேதிக்கு மேல வாறமுங்க" என்றார்கள். சீட்டைப் பார்க்காமல் பேசிப் பார்த்தேன். நடுவில் நின்றுவிட்டது. மறுபடி பார்த்தேன்.

மதியம் பதினேழு என் மேஜைக்கு அடியில்தான் தூங்குகிறது. அங்கே குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் இருக்கும்.

ஜூலை 8, திங்கள்

எல்லோருக்கும் இரண்டாவது ஊசி. பதினேழுக்கு மூக்கு லேசாகச் சூடாக இருந்தது மாதிரி எனக்குப் பட்டது. காய்ச்சல் இருந்தால் ஊசி போடக் கூடாது அல்லவா. டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு இன்னும் பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். "சரி, ரெண்டு நாள் பாத்துட்டுக் கூட்டிட்டு வா" என்றார்.

ஜூலை 11, வியாழன்

முதல் வீடு! சாம்பல் பூனை ரவையை ஒரு மளிகைக் கடைக்காரர் எடுத்துப் போனார். அரிசி மூட்டைக்கு எலித் தொல்லையாம். எலியைக் கண்டால் முதலில் ஓடுவது ரவையாகத்தான் இருக்கும், அதை அவரிடம் நான் சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து என் பெயரை அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, பெரிய ஆபீஸர் மாதிரி.

பிறகு ஜூன் மாதம் வந்த அந்த அம்மா, மகனோடு வந்தார். அவன் கார்டை வாங்கி, இரண்டு தேதியையும் விரல் வைத்துப் படித்தான். பிறகுதான் குட்டியைத் தொட்டான். டிராயரிலிருந்து சிவப்புப் பட்டையை எடுத்துக் கொடுத்தேன். கொழுக்கட்டைக்கு அது கொஞ்சம் பெரிசு. வளர்ந்துவிடும்.

ஜூலை 15, திங்கள்

ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். போன் ஓயவில்லை. பதினேழு ஊசியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 17, புதன்

நாளைக்கு.

ஜூலை 20, சனி

தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் மனோன்மணி அக்கா வந்தார். சத்தம் கேட்டிலேயே கேட்டது. கூண்டுகளைச் சுற்றிவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்து அடியில் குனிந்தார்.

"இங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்களா? எனக்கு இவதான் வேணும்."

"அது... காது மடிஞ்சிருக்குங்க்கா."

"மடிஞ்சா என்ன சாமி? நான் தேய்ப்புக் கடைக்காரி. பொட்டி சூடானதும் ஒரு இழுப்பு, நிமுந்துரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். பதினேழுகூட வாலை ஆட்டியது. நான் அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கார்டு இன்னும் முடியலீங்க்கா. ரெண்டாவது ஊசி பாக்கி."

"எப்ப போடுவீங்க?"

"அடுத்த வாரம்."

"போட்டுட்டு போனைப் போடுங்க. வண்டிக்கடியில சாக்கு விரிச்சு வெக்கறேன்."

நல்ல அக்கா. வீட்டில் பாலும் முட்டையும் உண்டு என்றார். விசாரித்ததில் எல்லாம் சரிதான். எங்கள் வீட்டிலும் வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறது. அது வேறு விஷயம்.

இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், "நாய்க்கெல்லாம் இப்ப முழு ஊசியும் போட்டுடறோம், பயமே இல்லை" என்று பொதுவாகச் சொன்னேன்.

"ஊசின்னா எனக்குத் தெரியும்" என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

ஜூலை 24, புதன்

காலையில் கேட்டுக்கு வெளியே அட்டைப் பெட்டி. உள்ளே நான்கு குட்டிகள். சென்னியப்பன் அண்ணன் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். ஒன்று வாந்தி எடுத்த பிறகுதான் டாக்டர் பார்த்தார். பார்வோ.

நாள் முழுக்கப் பிளீச்சிங் கரைசலில் தரை கழுவினோம். குட்டிகளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். டாக்டர் ரிஜிஸ்டரை வாங்கினார்.

"நல்லவேளை. இதே போன வருசமா இருந்தா கூண்டு கூண்டாத் தூக்கிப் போட்டிருப்போம். எல்லாரும் ரெண்டு ஊசி முடிச்சாச்சு இல்ல?"

நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கோகிலா, பதினேழுக்குத் தேதி காலியா இருக்கு."

நாற்பது கார்டில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம்.

"மறந்துட்டேன் மேடம்."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பதினேழைக் கூட்டி வரச் சொல்லி அப்போதே போட்டார். "இது உடனே வேலை செய்யாது. பத்து நாள் பார்க்கணும். பெட்டியை மோந்து பார்த்துச்சா?"

பார்த்தது. நான்தான் பார்த்தேன். பெட்டிக்குள் முழுத் தலையையும் விட்டிருந்தது.

மறதிதான். இத்தனை வேலையில் யாருக்கும் வரும்.

ஜூலை 25, வியாழன்

சாப்பிட்டது.

ஜூலை 26, வெள்ளி

சாப்பிட்டது. கண் தெளிவு. நான்கில் ஒரு குட்டி போய்விட்டது. மற்ற மூன்றும் டிரிப்பில்.

ஜூலை 27, சனி

சாப்பிட்டது. மனோன்மணி அக்கா போன் செய்தார். காப்பகத்தில் நோய் இருக்கிறது, ஆகஸ்ட் பத்துக்கு முன்னால் யாரையும் அனுப்புவதில்லை என்றேன். உண்மைதான்.

ஜூலை 28, ஞாயிறு

விடுமுறை. இருந்தும் போனேன். சாப்பிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

சாப்பிடவில்லை.

காலையில் தட்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பதினோரு மணிக்கு முட்டை வைத்தேன். பார்க்கக்கூட இல்லை. மேஜைக்கு அடியில் போய்ப் பக்கவாட்டில் படுத்துவிட்டது. வயிறு உப்பியிருந்தது. டாக்டர் வெளியூரில் முகாமுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குத்தான் வருவார். நான் தரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. அந்தக் காலிக் கட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜூலை எட்டாம் தேதி அதற்கு மூக்கு சூடாக இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன்.

இரண்டரை மணிக்குச் சமையல் கொட்டகையிலிருந்து ஒரு கத்தல்.

"யாரு என்ர பிரியாணிப் பொட்டலத்த எடுத்தது? ரெண்டு ஆள் பிரியாணி! ஊட்டுக்கு ஒறம்பரை வாறாங்கன்னு காலைலயே சொல்லி வாங்கியாந்தது!"

காகிதம் என் மேஜைக்குப் பின்னால் கிடந்தது. நக்கித் துடைத்த காகிதம். ஒரு பருக்கை இல்லை.

டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். "நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பட்டினி போடு."

நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. சென்னியப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நாளை பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

பத்து நாள் முடிந்தது. பதினேழு தப்பித்தது. மற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. டிரிப்பில் இருந்த மூன்று குட்டிகளும் இப்போது சென்னியப்பன் அண்ணன் வேட்டியைக் கடிக்கின்றன.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாளை மனோன்மணி அக்கா வருகிறார். அலுவலகப் பேனாக்களை எல்லாம் எழுதிப் பார்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்துவிட்டேன். பதினோரு மணிக்கு கேட்டில் அம்மா. கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நாய்ப்பட்டிக்கு உள்ளே! டிபன் பாக்ஸைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து என் அறைக்கு வந்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். பதினேழு மேஜைக்கு அடியில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அதே நேரம் மனோன்மணி அக்கா. "எங்க என்ர தங்கம்?" டாக்டரும் வந்தார்.

கார்டை எடுத்தேன். ஸ்கேலை வைத்தேன். பேனா எழுதவில்லை. வேறு பேனா எடுத்தேன். அதுவும் எழுதவில்லை. மூடியைக் கழற்றாமல் இருந்தேன் என்று பிறகு சென்னியப்பன் அண்ணன் சொன்னார்.

அதற்குள் அம்மா சும்மா இருக்க மாட்டாமல், மேஜையில் இருந்த, வீடு சேர்ந்தவர்களின் கார்டு நகல் கட்டை எடுத்துப் புரட்டினாள். பீஸைப் புரட்டுகிற மாதிரியே. கட்டை விரலால் தள்ளித் தள்ளி. பிறகு என் கையில் இருந்ததையும் வாங்கிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் உன்ர பேர அடிச்சிருக்குது. இதுல அடிக்கல."

"இனித்தாம்மா அடிக்கணும்."

"எல்லாத்துலயும் ரெண்டாவது தேதி எட்டு. இதுல இருவத்தி நாலு." விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இந்த ஒரு பீஸு மட்டும் ஏன் லேட்டு?"

டாக்டரும் அந்தப் பதிலுக்கு இரண்டு வாரமாகக் காத்திருந்திருப்பார். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"நான்தான் தள்ளி வெச்சேன்" என்றேன். சத்தம் வெளியே வந்துவிட்டது, கூண்டுகள்வரை கேட்டிருக்கும். "மூக்கெல்லாம் சுடலீங்க மேடம். பொய் சொன்னேன். கார்டு முடிஞ்சா யாராவது கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு... அதனால செத்தே போயிருக்கும் மேடம். என்னால."

அழுதேன். சீட்டில் எழுதி வைக்காமல் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மனோன்மணி அக்காதான் முதலில் பேசினார். "அட கூறுகெட்ட புள்ள! இத மொதல் நாளே சொல்றதுக்கென்ன? சாக்கு விரிச்சு வெச்சுட்டு நான் பாட்டுக்குக் காத்துட்டு இருக்கறேன்!" பிறகு இடுப்பில் கை வைத்துக் கூண்டுப் பக்கம் திரும்பினார். "அந்த மூணு கால் பையனுக்கு ஊசி முடிஞ்சுதா?"

அவன் பெயர் அதிரசம். இரண்டு மாதமாக அவனை ஒருவரும் கேட்டதில்லை. அதன் கார்டு அலமாரியில் தயாராக இருந்தது.

"முடிஞ்சுதுங்க்கா. ரெண்டு தவணை, வெறிநாய் ஊசி, எல்லாமே."

"அப்ப அவன எழுது. வண்டிக்குக் கீழ நிக்கறதுக்கு மூணு கால் போதும்."

அவர்கள் போன பிறகு டாக்டர் என் பக்கம் வந்தார். "திங்கக்கிழமை பேசுவோம். திட்டு பாக்கி இருக்கு" என்றார். தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பதினேழு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அம்மா இரண்டு காலையும் இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். பதினேழு உட்கார்ந்து டிபன் பாக்ஸை மோந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அது அம்மாவைப் பார்த்தது. ஒரு பீஸுக்கு அம்மா அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

"ஊசியெல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தவணையும் போட்டாச்சும்மா. வெறிநாய் ஊசியும். கார்டோட தருவோம்."

"கடிச்சா?"

"கடிக்காது. பிரியாணி மட்டும் வெளியில வெக்கக் கூடாது."

அம்மா குனியாமல், ஒரு விரலை மட்டும் நீட்டி, அந்த மடிந்த காதைத் தொட்டாள். நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் மறுபடி மடிந்தது.

"எங்க கம்பெனில இது செகண்ட்ஸு" என்றாள்.

நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

"செகண்ட்ஸ் பீஸெல்லாம் வேலை செய்யறவங்க ஊட்டுக்குத்தான் வரும்" என்றாள் அம்மா. "கயிறு இருக்குதா? நீ புடிச்சுக்க. நான் பின்னால வாறேன். ரொம்பப் பின்னால."

ஆகஸ்ட் 12, திங்கள்

அம்மாவின் செருப்பில் ஒன்றைக் காணோம். வாசலைப் பார்த்து அம்மா அதட்டிக்கொண்டிருந்தாள்; கதவுக்கு உள்ளிருந்துதான்.

டாக்டர் திட்டினார். பத்து நிமிடம். வாங்கிக்கொண்டேன். கடைசியில், இனி தவணைத் தேதிகளுக்கு நானே பொறுப்பு என்றார். தண்டனையா பரிசா என்று தெரியவில்லை.

நாற்பதில் முப்பத்தோரு பேர் வீடு சேர்ந்ததைக் கேட்டு, அறக்கட்டளை அடுத்த நாற்பது பேருக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறது. புதுக் கார்டுகள் வந்துவிட்டன. இந்த முறை பச்சை. காலியான கூண்டுகளில் புதியவர்கள். ரோட்டில் அடிபட்ட ஒன்று, கிணற்றிலிருந்து எடுத்த இரண்டு, பேர் இல்லாத பூனைகள்.

காலையில் பஸ்ஸில் கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் நானே எழுந்து நின்று, "நாய்ப்பட்டி எறங்கணுங்க" என்றேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அங்க ஊசி போட்ட பூனை கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். இறங்குவதற்குள் போன் நம்பர் கொடுத்துவிட்டேன்.

மாலைவரை கார்டு எழுதினேன். எண், வயது, நிறம், அடையாளம். "உரிமையாளர் பெயர்" கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பேனா தானாகவே இறங்கப் பார்த்தது. நாற்பது முறையும் தூக்கிக்கொண்டேன். நாற்பதும் காலி. முதலில் பார்க்கவே என்னவோ போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வருவார்கள்.